யாருக்கும் கடன்படாத செனட்டர்: மார்கரெட் சேஸ் ஸ்மித் பற்றிய கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கீழவையில் எட்டரை ஆண்டுகள், செனட்டில் 24 ஆண்டுகள். குடியரசுக் கட்சியின் மெய்ன் மாநிலப் பெண் அரசியல்வாதி மார்கரெட் சேஸ் ஸ்மித்தின் பொதுவாழ்வு அவ்வளவு நீளம். மெக்கார்த்தி காலத்தைப் பற்றி, அதாவது 1950-களில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி கிளப்பிய கம்யூனிஸ்ட் வேட்டையைப் பற்றிப் பேசும்போது இவர் பெயர் ஒரு வரியில் வரும், அதோடு சரி. அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவருடைய துணிச்சலை எல்லோரும் புகழ்கிறார்கள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பணக்காரர்களுக்கோ கட்சித் தலைமைக்கோ அவர் கடன்பட்டிருக்கவில்லை. மறுத்துப் பேச வேண்டிய நாள் வந்தபோது, அவர் வாயை அடைக்க யாரிடமும் எதுவும் இல்லை.

எந்தக் குடும்பத்திலிருந்து வந்தார்? வாரிசு அரசியலா?

இல்லை. 1897 டிசம்பர் 14 அன்று மெய்ன் மாநிலத்தின் ஸ்கௌஹீகன் என்ற சிறு ஆலை நகரத்தில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். அம்மா உணவகத்தில் பரிமாறியும், கடையிலும் காலணித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தும் குடும்பத்துக்குக் கைகொடுத்தவர். ஆறு பிள்ளைகளில் மார்கரெட்தான் மூத்தவர். பள்ளியில் படிக்கும்போதே கடையில் வேலைக்குப் போனார், டெலிபோன் ஆபரேட்டராகவும் இருந்தார். பள்ளிக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கினார். 1916-ல் பள்ளிப்படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் ஆசிரியை வேலை, பிறகு உள்ளூர் வாரப் பத்திரிகையில் விற்பனைப் பிரிவு, அதன்பின் ஒரு கம்பளி ஆலை. கல்லூரி வாசலை மாணவியாக மிதித்ததே இல்லை. பிற்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்தது வேறு கதை.

1922-ல் அந்த ஊரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான சங்கக் கிளை தொடங்கியபோது அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் இவர். சில ஆண்டுகளில் மாநில அளவில் அந்தச் சங்கத்தின் தலைவரானார். ஊர் ஊராகப் போய்ப் பேசவும், முகம் நினைவில் வைத்துக் கடிதம் எழுதவும் அங்கேதான் பழகினார். பின்னாளில் தேர்தலில் இவருக்காக வீடு வீடாகப் போனவர்களில் பலர் இந்தச் சங்கத்துப் பெண்கள்தான்.

கணவர் இறந்ததால் கிடைத்த பதவிதானே? அனுதாப ஓட்டு என்று சொல்லலாமா?

நுழைவு அப்படித்தான். மறைக்க ஒன்றுமில்லை. 1930-ல் தன்னைவிட 21 வயது மூத்த கிளைட் ஸ்மித்தை மணந்தார். கிளைட் உள்ளூரில் செல்வாக்குள்ள அரசியல்வாதி, மார்கரெட் வேலை பார்த்த அந்த வாரப் பத்திரிகையின் உரிமையாளர்களில் ஒருவரும்கூட. 1936-ல் கீழவைக்குத் தேர்வானார். மார்கரெட் அவருடைய அலுவலகத்தில் செயலாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, மசோதாக்களைப் படித்துக் குறிப்பெடுப்பது, தொகுதி மக்களைச் சந்திப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1940 ஏப்ரலில் மாரடைப்பால் படுத்த கிளைட், தன் இடத்துக்கு மனைவியை ஆதரிக்கும்படி தொகுதி மக்களைக் கேட்டுக்கொண்டு ஓர் அறிக்கை விட்டார். ஏப்ரல் 8 அன்று இறந்துபோனார்.

ஜூன் 3 அன்று நடந்த இடைத்தேர்தலில் மார்கரெட் வென்றார். அதுவரை அனுதாபம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே மாதம், அடுத்த முழுப் பதவிக்காலத்துக்கான உட்கட்சித் தேர்தல் வந்தது. அமெரிக்காவில் கட்சி வேட்பாளர் யார் என்பதையும் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். எதிர்த்து நின்ற ஆண்களை அதிலும் தோற்கடித்தார், செப்டம்பரில் பொதுத்தேர்தலிலும் வென்றார். அதற்குப் பிறகு 1942, 1944, 1946 என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை மக்களைச் சந்தித்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். அனுதாபம் அத்தனை தேர்தல்களுக்குத் தாங்காது.

கீழவையில் குறிப்பிடும்படி என்ன செய்தார்?

பிரிட்டனுக்கு ஆயுத உதவி செய்யும் 1941 சட்டத்தை அவருடைய கட்சியில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள், இவர் ஆதரித்தார். அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் குழுவை நிரந்தரமாக்கும் தீர்மானம் 1945-ல் வந்தபோது எதிர்த்து வாக்களித்தார். மெக்கார்த்தி என்ற பெயரை நாடு கேள்விப்படுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

ஆனால் அந்தக் காலத்தில் அவர் போட்ட உண்மையான சண்டை ராணுவத்தில் பெண்களின் நிலையைப் பற்றியது. கடற்படை விவகாரக் குழுவில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சீருடையில் சேவை செய்தார்கள். போர் முடிந்ததும் அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நிரந்தரப் படையில் இடம் கொடுக்கும் மசோதாவை செனட் நிறைவேற்றி அனுப்பியது. கீழவைக் குழு அதை வெட்டிச் சுருக்கி, பெண்களுக்கு ரிசர்வ் படையில் மட்டும் இடம் என்று மாற்றியது. ரிசர்வ் என்றால் தேவைப்படும்போது கூப்பிடுவார்கள், தேவை தீர்ந்ததும் அனுப்பிவிடுவார்கள். நிரந்தரப் படையினருக்கு உள்ள பதவி உயர்வும் பாதுகாப்பும் கிடையாது. குழுவில் அந்த மாற்றத்தை 26 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு, மார்கரெட்டின் ஓட்டு.

அவர் வைத்த வாதம் மிக எளிமையானது. படைக்குப் பெண்கள் நிரந்தரமாகத் தேவையா இல்லையா? தேவை என்றால் நிரந்தர இடம் கொடுங்கள், தேவை இல்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் நின்று அவர்கள் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சபையில் தோற்றார். விடவில்லை. பாதுகாப்பு அமைச்சருக்கு எழுதினார், படைத் தளபதிகளின் நிலைப்பாட்டை வெளியே கொண்டுவந்தார். இரு அவைகளும் கூடி முடிவு செய்தபோது நிரந்தர இடம் என்பது திரும்ப உள்ளே வந்தது. 1948 ஜூன் 12 அன்று ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். 26-க்கு 1 என்று தோற்ற ஒருவர் அதே விஷயத்தில் ஜெயித்ததை நாடாளுமன்ற வரலாற்றில் அடிக்கடி பார்க்க முடியாது.

செனட்டுக்கு எப்படிப் போனார்?

1948-ல் மெய்ன் மாநில செனட்டர் வாலஸ் வைட் ஓய்வு பெற, இடம் காலியானது. உட்கட்சித் தேர்தலில் இவரை எதிர்த்து நின்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஹொரேஸ் ஹில்ட்ரெத் அப்போது பதவியில் இருந்த ஆளுநர். சம்னர் சூவல் முன்னாள் ஆளுநர். மூன்றாமவர் ஒரு பாதிரியார். கட்சி இயந்திரமும் பணமும் எதிர்ப்பக்கம் இருந்தன. (அமெரிக்க ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத் தலைவர். நம் முதலமைச்சருக்கு இணையான பதவி என்று கொள்ளலாம்.)

பிப்ரவரியில் பிரசாரப் பயணத்தின்போது பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். எதிரணி வேட்பாளர் ஒருவரின் மனைவி, ஆண் கிடைக்கும்போது பெண்ணை எதற்கு வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். மார்கரெட் அதற்குச் சொன்ன பதிலின் சாரம் இது: வீட்டில் விதி வகுப்பவள் பெண், அதை நடைமுறைப்படுத்துபவளும் அவள், மீறினால் நியாயம் சொல்பவளும் அவள்தான். அரசியலுக்கு இதைவிட நல்ல பயிற்சி என்ன இருக்கிறது?

ஜூன் 21 அன்று ஓட்டு எண்ணியபோது, மற்ற மூவரும் சேர்ந்து வாங்கியதைவிட அதிக ஓட்டு இவருக்கு விழுந்திருந்தது. செப்டம்பர் பொதுத்தேர்தலில் சுமார் 71 சதவீதம். இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்த முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயர் கிடைத்தது. 1949 ஜனவரியில் பதவியேற்றபோது 96 பேர் கொண்ட செனட்டில் அவர் ஒருவர்தான் பெண்.

1950 ஜூன் 1 அன்று என்னதான் நடந்தது?

முதலில் பின்னணி. அந்த ஆண்டு பிப்ரவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், விஸ்கான்சின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் வேலை செய்யும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாகப் பேசினார். நாடே பரபரத்தது. மார்கரெட்டும் ஆரம்பத்தில் அதை நம்பத் தயாராகத்தான் இருந்தார். சக கட்சிக்காரர், பொறுப்பான பதவியில் இருப்பவர், ஆதாரம் இல்லாமலா சொல்வார் என்று எண்ணினார். நேரில் போய்க் கேட்டார். மெக்கார்த்தி காட்டிய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். குற்றச்சாட்டுக்கும் அந்தக் காகிதங்களுக்கும் உள்ள தொடர்பு அவருக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் விளங்கவில்லை. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. எனக்கு இந்தக் கட்டம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் கொள்கை முழக்கம் எதுவும் இல்லாமல் காகிதத்தைப் படித்துப் பார்ப்பதில்தான் அந்த எதிர்ப்பு தொடங்கியது.

தன் கட்சியின் மூத்தவர்கள் யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் பேசவில்லை. முதல் தடவை செனட்டர், பதவிக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. தன் உதவியாளர் வில்லியம் லூயிஸுடன் உட்கார்ந்து உரையைத் தயாரித்தார். ஜார்ஜ் எய்க்கன், வெய்ன் மோர்ஸ், சார்லஸ் டோபி, இர்விங் ஐவ்ஸ், எட்வர்ட் தை, ராபர்ட் ஹெண்ட்ரிக்சன் ஆகிய ஆறு குடியரசுக் கட்சி செனட்டர்கள் அதோடு இணைந்த அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

ஜூன் 1 அன்று அவைக்குப் போகும் நிலத்தடிச் சிறு ரயிலில் மெக்கார்த்தியே எதிர்ப்பட்டார். "என்ன மார்கரெட், முகம் இவ்வளவு கடுமையாக இருக்கிறதே, பேசப் போகிறீர்களா?" என்று கேட்டார். "ஆமாம். உங்களுக்குப் பிடிக்காது" என்றார் இவர். துணை ஜனாதிபதி வேட்பாளராக இவர் பெயர் அடிபட்ட நேரம் அது. கட்சி மாநாட்டில் விஸ்கான்சினின் 27 ஓட்டுகள் தன் கையில் இருப்பதை மெக்கார்த்தி நினைவூட்டினார். "எதற்கு?" என்று மட்டும் கேட்டார் மார்கரெட். ஆசை காட்டி மடக்கப் பார்த்தவருக்கு அந்த ஒற்றைச் சொல் போதும்.

உரை சுமார் 15 நிமிடம். மெக்கார்த்தியின் பெயரை அதில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் சில வரிசைகள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவைக்குள் பேசுவதற்காக ஓர் உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது என்பது சட்டம் தரும் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, திருப்பிப் பேச வழியில்லாத மக்களின் நற்பெயரைக் கொல்லும் மேடையாக செனட் தாழ்ந்துவிட்டது என்றார். விமர்சிக்கும் உரிமை, பலருக்குப் பிடிக்காத கருத்தை வைத்திருக்கும் உரிமை, எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை, சுயமாகச் சிந்திக்கும் உரிமை ஆகிய நான்கும் அமெரிக்க வாழ்வின் அடிப்படை என்றார். ட்ரூமன் அரசையும் விடவில்லை, திறமையற்ற ஆட்சி என்று குற்றம் சாட்டினார். தன் கட்சி ஆட்சிக்கு வர வேண்டும் என்றுதான் விரும்புவதாகச் சொன்னார். ஆனால் அச்சம், அறியாமை, துவேஷம், அவதூறு என்ற நான்கு குதிரைகளின் மேல் ஏறி அந்த வெற்றி வரக்கூடாது என்றார்.

"மனசாட்சியின் பிரகடனம்" என்று பெயர் பெற்ற உரை இதுதான்.

அந்த உரையால் மெக்கார்த்தி வீழ்ந்தாரா?

உடனே இல்லை. பத்திரிகைகள் பாராட்டின. இதை ஓர் ஆண் பேசியிருந்தால் அடுத்த ஜனாதிபதி அவர்தான் என்று பெர்னார்ட் பரூக் சொன்னார். ஜனாதிபதிகளுக்கே ஆலோசனை சொல்லிவந்த நிதி நிபுணர் அவர். ஆனால் ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. கம்யூனிச அச்சம் மறுபடியும் கொழுந்துவிட்டது, மெக்கார்த்தியின் கை ஓங்கியது. குழந்தைக் கதையின் பெயரைத் திரித்து, "ஸ்னோ வைட்டும் ஆறு குள்ளர்களும்" என்று ஏழு பேரையும் கேலி செய்தார். கையெழுத்திட்டவர்களில் பலர் மெல்ல ஒதுங்கினார்கள். 1951 தொடக்கத்தில் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மார்கரெட்டை விசாரணைத் துணைக்குழுவிலிருந்து தூக்கினார், அந்த இடத்துக்கு வந்தவர் ரிச்சர்ட் நிக்ஸன். மார்கரெட்டையே கம்யூனிஸ்ட் அனுதாபி என்று சாடி ஒரு புத்தகம் வந்தது. வழக்குத் தொடுத்து, பல ஆண்டுகள் நடத்தி, தனக்குச் சாதகமான சமரசத்தில் முடித்தார்.

1954-ல் மெக்கார்த்தியின் ஆதரவோடு ராபர்ட் ஜோன்ஸ் என்பவர் உட்கட்சித் தேர்தலில் இவருக்கு எதிராக நிறுத்தப்பட்டார். ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஜோன்ஸைத் தோற்கடித்தார் மார்கரெட். மெக்கார்த்தி கைவைத்தால் எந்த செனட்டரும் காலி என்ற பயம் அன்றைக்கு உடைந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று 67-க்கு 22 என்ற வாக்கில் செனட் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மார்கரெட்டின் ஓட்டு 67-ல் ஒன்று.

நான்கரை ஆண்டுகள் ஆயின. 1950-ல் அவரோடு இன்னும் பத்துப் பேர் எழுந்திருந்தால் எத்தனை ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலை இழக்காமல் தப்பியிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மெக்கார்த்தியை எதிர்த்ததால் இவரை இடதுசாரி என்று சொல்லலாமா?

கூடவே கூடாது. கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டவிரோதமாக்கும் மசோதாவை 1953-ல் இவரே கொண்டுவந்தார். பலருக்குப் பிடிக்காத கருத்தை வைத்திருக்கும் உரிமை பற்றி மூன்றாண்டு முன்பு அவர் பேசியதோடு இது பொருந்தவில்லை. அவர் மேல் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தாலும் இதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

ராணுவ விஷயத்தில் பருந்து, அதாவது கடும்போக்காளர். 1961 செப்டம்பரில், அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் உறுதி அமெரிக்காவுக்கு இருப்பதாக சோவியத் நாடு நம்பவில்லை என்று கென்னடியை அவையிலேயே குறை சொன்னார். அதைக் கேட்ட சோவியத் தலைவர் குருஷேவ், பெண் வேடம் போட்ட பிசாசு என்று இவரைத் திட்டினார். 1963-ல் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை செனட் 80-க்கு 19 என்று ஏற்றபோது அந்த 19 பேரில் இவரும் உண்டு.

உள்நாட்டு விவகாரத்தில் படம் வேறு. 1957 முதல் 1960-கள் வரை வந்த, கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்தார். சக கட்சி செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் எதிர்த்த 1964 சட்டத்துக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டார். அதனால் சிலர் இவரை மிதவாதி என்பார்கள். நான் பழமைவாதி என்றே சொல்வேன். அமைப்பு, அதன் விதிகள், அதன் கண்ணியம் ஆகியவை தனிமனிதர்களைவிடப் பெரியவை என்ற நம்பிக்கை பழமைவாதத்தின் வேர். மெக்கார்த்தியை அவர் எதிர்த்தது அந்த நம்பிக்கையால்தான். செனட்டின் மரபைக் கெடுத்தவர் மெக்கார்த்தி, காப்பாற்றப் பார்த்தவர் இவர்.

சொந்தக் கட்சியோடு வேறு எப்போதெல்லாம் மோதினார்?

1959-ல் தன் கட்சியின் ஜனாதிபதி ஐசன்ஹோவர், லூயிஸ் ஸ்ட்ராஸை வர்த்தக அமைச்சராக நியமித்தார். செனட் 49-க்கு 46 என்று நிராகரித்தது. குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் இருவர் மட்டுமே, அதில் ஒருவர் மார்கரெட். கட்சிக்குள் பெரும் கொந்தளிப்பு. கடைசி நிமிடம்வரை எப்படி வாக்களிப்பேன் என்று யாரிடமும் சொல்லமாட்டார், அதனால் பேரம் பேசவும் ஆளில்லை. 1970-ல் நிக்ஸன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த கார்ஸ்வெல் 51-க்கு 45 என்று தோற்றதிலும் இவர் ஓட்டு எதிர்ப்பக்கம்.

நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கதையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய நிஜ வீரர் அவர். 1957-ல் விமானப்படை ரிசர்வில் அவரை பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தும் பட்டியல் வந்தது. மார்கரெட்டும் அப்போது விமானப்படை ரிசர்வில் லெப்டினன்ட் கர்னல். போருக்குப் பிறகு தேவையான அளவு பயிற்சிக்கு வராதவரை எப்படி உயர்த்துவது, ஒழுங்காக வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டு நிறுத்தினார். நாடே கொண்டாடிய நட்சத்திரம் என்று பார்க்கவில்லை. அந்தப் பதவி உயர்வு 1959-ல்தான் கிடைத்தது.

2,941 என்ற எண்ணைப் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

பெயர் கூப்பிட்டு நடத்தும் வாக்கெடுப்புகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக அவர் போட்ட ஓட்டுகள். 1955 ஜூன் 1-ல் தொடங்கி, 1968 செப்டம்பரில் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காகப் படுக்கும்வரை 13 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சாதனை. காய்ச்சலோ தேர்தலோ குறுக்கே வரவில்லை. மக்கள் கொடுத்த வேலைக்கு வராமல் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஸ்டூவர்ட் விஷயத்தில் அவர் காட்டிய பிடிவாதத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். தன்னிடம் கேட்டதைத்தான் பிறரிடமும் கேட்டார்.

ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டாரா? ஜெயிக்க வாய்ப்பு இருந்ததா?

போட்டியிட்டார், 1964-ல். வாய்ப்பு இல்லை, அது அவருக்கும் தெரியும். ஜனவரி 27 அன்று வாஷிங்டனில் பெண் பத்திரிகையாளர்கள் கூடிய விருந்தில் பேசும்போது, தான் ஏன் நிற்கக்கூடாது என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பெண்ணுக்கு அந்த உடல் வலு இல்லை என்கிறார்கள், பணம் இல்லை, அமைப்பு இல்லை, செனட் வாக்கெடுப்பை விட்டுவிட்டுப் பிரசாரத்துக்கு வரமாட்டேன். இத்தனை வலுவான காரணங்கள் இருப்பதால் நிற்பதென்று முடிவு செய்துவிட்டேன் என்று முடித்தார்.

நன்கொடை வாங்கவில்லை. தபாலில் வந்த பணத்தைத் திருப்பி அனுப்பினார். செனட்டில் வாக்கெடுப்பு இல்லாத நாட்களில் மட்டும் நியூ ஹாம்ஷையரின் உறைபனிக் குளிரில் ஊர் ஊராகப் போய்க் கைகுலுக்கினார். அங்கே கிடைத்தது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தில், கோல்ட்வாட்டருக்கு எதிராக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினார்.

ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் எய்க்கன் இவர் பெயரை முன்மொழிந்தார். ஒரு பெரிய கட்சியின் மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளராகப் பெயர் முன்மொழியப்பட்ட முதல் பெண் இவர். முதல் சுற்றில் 27 ஓட்டுகள். மெக்கார்த்தி ஆசை காட்டிய அதே 27. மற்றவர்கள் விலகிக்கொண்டபோதும் தன் ஓட்டுகளை கோல்ட்வாட்டருக்கு மாற்றிவிட இவர் சம்மதிக்கவில்லை.

பெண்ணுரிமைக்காரர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாரா?

இல்லை. அந்த அடையாளத்தை விரும்பவில்லை. தான் செனட்டர், பெண் செனட்டர் அல்ல என்பது அவர் நிலை. ஆனால் சம உரிமைச் சட்டத்திருத்தத்தை 1940-களிலிருந்தே ஆதரித்தார், ராணுவப் பெண்களுக்காகத் தனியாக நின்றார். 1960-ல் ஜனநாயகக் கட்சி லூசியா கார்மியர் என்ற பெண்ணையே இவருக்கு எதிராக நிறுத்தியது. இரு பெரிய கட்சிகளின் செனட் வேட்பாளர்களும் பெண்களாக இருந்தது அதுவே முதல் முறை. இவர் சுமார் 62 சதவீதம் வாங்கி வென்றார்.

சிவப்பு ரோஜா?

தினமும் உடையில் குத்திக்கொள்வார். ரோஜாவைத் தேசிய மலராக்க நெடுநாள் பாடுபட்டார். ரேகன் காலத்தில், 1986-ல், அது நிறைவேறியது. 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபின், செனட்டராக அவர் முன்பு உட்கார்ந்திருந்த மேசையில் ஒரு ரோஜாவை வைத்தார்.

வியட்நாம் போரில் என்ன நிலைப்பாடு?

போரை ஆதரித்தார். 1970 மே 4 அன்று ஓஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது படையினர் சுட்டு நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட பிறகு, மெய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரியில் கொதித்துப்போயிருந்த மாணவர்களை நேரில் சந்தித்தார். கூச்சலும் ஏச்சும்தான் கிடைத்தன. முதல் பிரகடனத்துக்குச் சரியாக 20 ஆண்டுகள் கழித்து, ஜூன் 1 அன்று செனட்டில் மறுபடியும் எழுந்தார். தீவிர இடதுசாரிகளின் வன்முறையைக் கண்டித்தார். அதிருப்தியாளர்களை எதிரிகளாகக் காட்டிப் பிளவைப் பெரிதாக்கும் ஆட்சியாளர்களையும் எச்சரித்தார். அராஜகமா அடக்குமுறையா என்று ஒரு கட்டாயம் வந்தால் மக்கள் அடக்குமுறையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்றார். முதல் உரைக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு இந்த வாக்கியம் முதல் உரையைவிடவும் கூர்மையாகப் படுகிறது.

பிறகு ஏன் தோற்றார்?

1972-ல் வயது 74. ராபர்ட் மாங்க்ஸ் என்ற பணக்காரர் உட்கட்சித் தேர்தலில் பெரும் செலவு செய்து எதிர்த்தார், அதில் மார்கரெட் தப்பினார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஹாத்தவே சுமார் 53-க்கு 47 என்று வென்றார். நிக்ஸன் அதே நாளில் அதே மாநிலத்தில் பெருவாரியாக ஜெயித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்சிக்கு எதிரான அலையில் அவர் விழவில்லை.

இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் முன்போல நடமாட முடியவில்லை. வலக்கை லூயிஸும் மாரடைப்பால் முடங்கினார். மாநிலத்தில் அவருக்கென்று ஓர் அலுவலகம்கூட இல்லை என்பதை எதிராளி ஊர் ஊராகச் சொன்னார். தொலைக்காட்சி விளம்பரமும் பெரும் பணமும் தேர்தலை நடத்தத் தொடங்கியிருந்தன. நன்கொடை வாங்காமல், கடிதத்தையும் கைகுலுக்கலையும் நம்பி ஜெயித்துவந்தவருக்கு அந்தக் களத்தில் ஆயுதம் இல்லை. இவரைச் சுதந்திரமாக வைத்திருந்த பழக்கம்தான் கடைசியில் தோற்கடிக்கவும் செய்தது. அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மாற்றியிருந்தால் 1950-ல் பேசியவர் வேறொருவராக இருந்திருப்பார்.

ஓய்வுக்குப் பின்? அவருடைய இடத்துக்கு யார் வந்தார்கள்?

1973 ஜனவரியில் அவர் வெளியேறியதும் செனட்டில் ஒரு பெண்கூட இல்லை. 1978 வரை அப்படியே இருந்தது. இவர் சில பல்கலைக்கழகங்களில் பாடம் எடுத்தார், பிறகு ஸ்கௌஹீகனுக்கே திரும்பினார். தன் வீட்டோடு சேர்ந்து 1982-ல் திறக்கப்பட்ட நூலகத்தில், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார். 1989-ல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையால் அமெரிக்காவின் மிக உயரிய குடிமக்கள் விருது கிடைத்தது. 1995 மே 29 அன்று, 97 வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

நீண்டகாலப் பெண் செனட்டர் என்ற அவருடைய சாதனையை பார்பரா மிகுல்ஸ்கி 2011-ல்தான் தாண்டினார். குடியரசுக் கட்சிப் பெண்களில் தாண்டியவர் அதே மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ். பள்ளி மாணவியாக வாஷிங்டனைப் பார்க்க வந்த காலின்ஸை, மார்கரெட் தன் அலுவலகத்தில் உட்காரவைத்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்.